பாக் நீரிணையின் இரு கரையிலும் 35

மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து வந்து எங்கள் பள்ளியில் படித்த ஒரு பெண், ஒன்பதாம் வகுப்பு முடித்த கையோடு குடும்பத்துடன் மன்னாருக்குத் திரும்பிப் போனாள். போன மூன்றாம் வாரம் அவள் அம்மாவின் கைப்பேசியிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "சார், இங்க கணத்தைத் தொடைங்கிறாங்க. சர்வசமம் ஒருங்கிசைவாம். வடிவியல் கேத்திரகணிதமாம். முக்கோணத்தைக்கூட முக்கோணின்னுதான் எழுதணுமாம். எனக்கு ஒண்ணுமே புரியல."

அன்றிரவே ஒரு தாளில் இரண்டு பத்தியாகக் கோடு போட்டு, இந்தப் பக்கம் தமிழ்நாட்டுச் சொல், அந்தப் பக்கம் இலங்கைச் சொல் என்று எழுதி அனுப்பினேன். இயற்கணிதம் என்றால் அட்சரகணிதம். முக்கோணவியல் என்றால் திரிகோணகணிதம். சாய்வு என்றால் படித்திறன். அந்தச் சிக்கல் ஒரே மாதத்தில் தீர்ந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் புதுச் சொல் பெரிய சுமை கிடையாது.

அடுத்த ஆண்டு ஒரு தவணைப் பரீட்சைத் தாளைப் படம் எடுத்து அனுப்பினாள். நூற்றுக்கு 22. அதில் ஒரு கணக்கு என் கண்ணை விட்டு இன்னும் அகலவில்லை. 1/(x − 1) + 1/(x + 2) என்பதைச் சுருக்கச் சொல்லியிருந்தார்கள். மேலே இருப்பதையும் மேலே இருப்பதையும் கூட்டி, கீழே இருப்பதையும் கீழே இருப்பதையும் கூட்டி, 2/(2x + 1) என்று அழகான கையெழுத்தில் எழுதி, விடைக்கு அடியில் இரட்டைக் கோடும் போட்டிருந்தாள். அந்த இரட்டைக் கோடு நான் பழக்கிய பழக்கம். அந்தப் பிழையும் என் வகுப்பைக் கடந்துதான் போயிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அவளுக்குத் தேர்ச்சி போட்டவன் நான்.

அன்று முதல் இரண்டு கரைகளின் வினாத்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். ஒரே மொழி பேசும் பிள்ளைகள், ஏறத்தாழ ஒரே பாடம், 16 வயதை ஒட்டி ஒரு பொதுத்தேர்வு. தேறுவதற்கான எல்லைகூட ஒன்றே. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பில் 35 எடுத்தால் தேர்ச்சி. இலங்கை க.பொ.த. சாதாரண தரத்தில் 35 முதல் 49 வரை 'எஸ்' தரம், அதாவது சாதாரண சித்தி. அதற்குக் கீழே 'டபிள்யூ', சித்தியின்மை.

எல்லை ஒன்று. முடிவு ஒன்றாக இல்லை. தமிழ்நாட்டில் 2025ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்பில் மொத்தத் தேர்ச்சி 93.80 விழுக்காடு, கணிதத்தில் மட்டும் 96 விழுக்காட்டுக்கு மேல். இலங்கையில் அண்மைய ஆண்டுகளில் சாதாரண தரக் கணிதத்துக்குத் தோற்றுபவர்களில் பத்துக்கு மூவர் அளவில் சித்தியடைவதில்லை. இதைக் கேட்கும் யாரும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கணக்கில் கெட்டிக்காரர்கள், அந்தக் கரைப் பிள்ளைகள் பின்தங்கியவர்கள் என்றுதான் நினைப்பார்கள். இரண்டு பக்கத்துத் தாள்களையும் திருத்திப் பார்த்தவன் என்ற முறையில் அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

தமிழ்நாட்டு வினாத்தாள் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். நூறு மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டு மதிப்பெண் வினா 14 கொடுத்து 10 எழுதச் சொல்வார்கள். ஐந்து மதிப்பெண்ணும் அப்படியே, 14க்கு 10. கடைசியில் எட்டு மதிப்பெண்ணில் இரண்டு வினா: ஒன்று வடிவியல் வரைதல், மற்றொன்று வரைபடம். பிள்ளைகள் மொழியில் 'ஜியோமெட்ரியும் கிராஃபும்'. இந்த இரண்டும் சேர்ந்து 16.

அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த எவரைக் கேட்டாலும் இந்த 16ஐப் பற்றிச் சொல்வார்கள். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் 'மெல்லக் கற்கும் மாணவர்' பட்டியல் தயாராகும். அவர்களைத் தனியே உட்கார வைப்போம். வடிவொத்த முக்கோணம் வரைதல், தொடுகோடு வரைதல், இருபடிச் சமன்பாட்டின் வரைபடம் ஆகிய மூன்றையும் கை மரத்துப்போகும்வரை வரைய வைப்போம். புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்களை விடையோடு மனப்பாடம் செய்ய வைப்போம். கார்டீசியன் பெருக்கலைச் சரிபார்க்கும் ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்று, அணிகளை வைத்துச் சரிபார்க்கும் கணக்கு ஒன்று, இரண்டு பகடைகளை உருட்டும் நிகழ்தகவுக் கணக்கு ஒன்று. 35 வந்துவிடும். 1/2ஐயும் 1/3ஐயும் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் வந்துவிடும். நானே பல ஆண்டுகள் இப்படிப் பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் கையெடுத்துக் கும்பிட்டபோதெல்லாம் உள்ளுக்குள் குறுகுறுத்தது உண்மை.

இலங்கைத் தாளில் இப்படி ஒரு 16 கிடையாது. இரண்டு வினாத்தாள்கள். முதல் தாளில் 25 குறுவினாக்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அலகிலிருந்து எட்டிப் பார்க்கும். வட்டத்தில் ஒரு கோணம், ஒரு சமனிலி, ஒரு வட்டி, ஒரு மடக்கை. அதன்பின் ஐந்து அமைப்பு வினாக்கள். இரண்டாம் தாளில் 12 வினா கொடுத்து, இரு பகுதியிலும் ஐந்தைந்தாகப் பத்துக்கு விடை எழுதச் சொல்கிறார்கள். இதிலும் ஊகிக்கக்கூடிய வினாக்கள் உண்டு. வரைபு வரும், அமைப்பு வரும், புள்ளிவிவரத்தில் இடை காணச் சொல்வார்கள். அங்கேயும் ஆசிரியர்கள் இவற்றைத்தான் நம்பிப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஆனால் வினாவின் உள்ளே நுழைந்து பார்த்தால் வேறுபாடு தெரியும்.

y = x² − 2x − 3 என்ற சார்பையே எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்தில், இதன் வரைபடத்தை வரைந்து x² − 2x − 3 = 0 என்பதைத் தீர்க்கச் சொல்வார்கள். சில சமயம் இன்னொரு சமன்பாட்டைக் கொடுத்து, கழித்து, ஒரு நேர்கோட்டையும் வரையச் சொல்வார்கள். அட்டவணைக்கு, அச்சுகளுக்கு, அளவுத்திட்டத்துக்கு, வளைவரைக்கு என்று படிப்படியாக மதிப்பெண் உண்டு. படிகளை மனப்பாடம் செய்தவன் எழுதிவிடுவான். அந்தக் கரையில் அட்டவணையை அவர்களே கொடுத்துவிடுகிறார்கள், ஓர் இடத்தை மட்டும் காலியாக விட்டு. x = 1 ஆனால் y −4 என்று பிள்ளை நிரப்ப வேண்டும். வரைந்த பிறகுதான் வினாவே தொடங்குகிறது. சமச்சீர் அச்சின் சமன்பாடு என்ன? இழிவுப் பெறுமானம் என்ன? சார்பு மறையாக இருந்துகொண்டே அதிகரிப்பது x இன் எந்த ஆயிடையில்? 1க்கும் 3க்கும் இடையில் என்று சொல்ல, அந்த வளைவரையைக் கண்ணால் படிக்கத் தெரிய வேண்டும். வளைவரை கீழே இறங்கி, அடித்தளத்தைத் தொட்டு, மேலே ஏறுகிறது, ஆனால் இன்னும் அச்சுக்குக் கீழேதான் இருக்கிறது என்ற காட்சி மனத்தில் இருக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்காமல் படிகளை மட்டும் பழக்கிய பிள்ளை அங்கே பாதி வினாவோடு நின்றுவிடும். என் மாணவி அங்கேதான் நின்றாள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு, பலர் கவனிக்காதது. இலங்கையில் வட்டி, வரி, தீர்வை, பங்குகள் எல்லாம் பதினோராம் தரம் வரை தொடர்கின்றன. நம் பாடத்திட்டத்தில் இவை எட்டாம் வகுப்பு 'வாழ்வியல் கணித'த்தோடு ஏறத்தாழ விடைபெற்றுவிடுகின்றன. பத்தாம் வகுப்பில் உறவுகளும் சார்புகளும் தொடங்கிப் புள்ளியியலும் நிகழ்தகவும் வரை எட்டு இயல்கள். கடைக்குப் போய்வரும் பிள்ளை தன் கைக்காசோடு பொருத்திப் பார்க்கும் கணக்கு அவற்றில் மிகக் குறைவு. கடனுக்கு மாதவட்டி கட்டும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு வட்டிக் கணக்கில் ஓர் ஆர்வம் இயல்பாகவே இருக்கும். அந்தக் கயிற்றை நாம் எட்டாம் வகுப்பிலேயே அறுத்துவிடுகிறோம். இந்த ஒன்றில் இலங்கைப் பாடத்திட்டம் நம்முடையதைவிட மேல் என்பது என் உறுதியான கருத்து.

தேர்ச்சி விழுக்காடு எவ்வளவு நம்பத் தகாதது என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு சான்று. 2024இல் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 20,691 பேர். அடுத்த ஆண்டு, 2025இல், 1,996 பேர். ஒரே ஆண்டில் பத்தில் ஒன்றாகிவிட்டது. ஒரு மாநிலத்துப் பிள்ளைகளின் கணித அறிவு பன்னிரண்டு மாதத்தில் அப்படிச் சரியாது. தாள்தான் மாறியது. ஆனால் கணிதத் தேர்ச்சி விழுக்காடு ஏறத்தாழ அசையவே இல்லை. உச்சியில் அவ்வளவு ஆட்டம், அடியில் அசைவே இல்லை என்றால், 35 என்ற அந்த எல்லை பிள்ளையின் அறிவோடு கட்டப்பட்டதில்லை என்றே பொருள். இதே தமிழ்நாடு, பன்னாட்டு 'பீசா' 2009 மதிப்பீட்டில் இமாச்சலப் பிரதேசத்தோடு சேர்ந்து பங்கேற்றபோது 15 வயதுப் பிள்ளைகள் கணிதத்தில் பெற்ற சராசரி 351. வளர்ந்த நாடுகளின் சராசரி 496. பங்கேற்ற 74 இடங்களில் நமக்குக் கிடைத்தது 72. அதன்பின் வந்த 2012, 2015, 2018 சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை.

சரி, தாள் வேறு, முடிவு வேறு. நோய்?

நோய் ஒன்றுதான். அதைப் பிழைகளிலிருந்தே பார்க்கலாம். என் மாணவியின் 2/(2x + 1) எங்கிருந்து வந்தது? 1/2 + 1/3 = 2/5 என்பதிலிருந்து வந்தது. அந்தப் பிழையை அவள் ஐந்தாம் வகுப்பில் செய்திருப்பாள். எண்ணுக்குப் பதிலாக எழுத்து வந்ததும் அதே பிழை புது உடை உடுத்திக்கொண்டது. நம் பத்தாம் வகுப்பில் அதற்கு 'விகிதமுறு கோவை' என்று பெயர். இலங்கையில் 'அட்சரகணிதப் பின்னங்கள்'.

வகுப்பில் ஒரு முறை இதைப் பலகையில் எழுதிக் கேட்டேன். "அரை மூட்டை நெல்லு இருக்கு. அதோட மூணுல ஒரு பங்கு மூட்டையைக் கொட்டுறோம். ஐந்தில் இரண்டு மூட்டைன்னு எழுதியிருக்கே. ஐந்தில் இரண்டு பெரிசா, அரை பெரிசா?" பையன் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அரைதான் சார் பெரிசு" என்றான். "அப்போ அரை மூட்டையில நெல்லைக் கொட்டினதும் நெல்லு குறைஞ்சுபோச்சா?" அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். அவன் பத்தாம் வகுப்புப் பையன். ஐந்தாண்டு தாமதமாக வந்த வெளிச்சம். அரைக்கால், மாகாணி, காணி, முந்திரி என்று 320இல் ஒரு பங்குக்குக்கூடப் பெயர் வைத்திருந்த மொழி நம்முடையது. அந்த மொழியில் படிக்கும் பிள்ளைக்குப் பின்னம் அளவாகத் தெரியவில்லை, ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிய இரண்டு எண்களாகத்தான் தெரிகிறது.

அடுத்தது மறை எண்கள். −3 − 5 எவ்வளவு என்றால் பாதி வகுப்பு 8 என்று சொல்லும். ஏன் என்று கேட்டால், "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்று மந்திரம்போல ஒப்பிக்கும். அது பெருக்கலுக்கு உரிய விதி. எண்கோட்டில் நடந்து பார்க்காமல், மூன்று ரூபாய் கடன் மேல் ஐந்து ரூபாய் கடன் வாங்கினால் என்ன ஆகும் என்று பேசிப் பார்க்காமல், விதியை மட்டும் பாட்டாகக் கொடுத்ததன் விளைவு. மூன்றாவது, சமக்குறி. 3x + 5 = 20 = 15 = 5 என்று ஒரே வரியில் எழுதும் பிள்ளைகள் இரு கரையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சமக்குறி என்றால் 'விடை வருகிறது' என்ற அறிவிப்பு. தராசு என்று யாரும் சொன்னதில்லை.

இரண்டு தேர்விலும் கணிப்பான் கிடையாது. ஆகவே இந்த மூன்று ஓட்டைகளும் ஒவ்வொரு இயலிலும் ஒழுகும். ஆயத்தொலை வடிவியலில் சாய்வு காணும்போது மறை எண் கவிழ்க்கும். அளவியலில் கூம்பின் கன அளவில் 1/3 கவிழ்க்கும். பிள்ளைக்குச் சாய்வு புரிந்திருக்கும், கூம்பு புரிந்திருக்கும், விடை தப்பாக வரும். பத்து முறை தப்பாக வந்ததும், "எனக்குக் கணக்கு வராது" என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொள்ளும். மன்னாரில் கணிதம் கற்பிக்கும் ஓர் ஆசிரியரோடு அண்மையில் பேசிக்கொண்டிருந்தேன். "பாடம் விளங்காமல் இல்லை சேர். ஆறாம் ஆண்டில விட்டது பதினொன்றில வந்து நிக்குது" என்றார். என் முப்பது ஆண்டுகளை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

ஐந்து முதல் எட்டு வரையிலான அந்த ஆண்டுகள் ஏன் நழுவுகின்றன என்று பார்த்தால் இரண்டு கரைகளும் மீண்டும் பிரிகின்றன.

தமிழ்நாட்டில் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகள் பலவும் ஈராசிரியர் பள்ளிகள். இரண்டு பேர், ஐந்து வகுப்புகள், எல்லாப் பாடங்களும். அவர்களிலும் ஒருவர் பதிவேடு, செயலியில் விவரம் ஏற்றுதல், பயிற்சிக் கூட்டம் என்று போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒரே அறையில். பின்னத்துக்குப் பொறுமை வேண்டும், கையில் தொட்டுப் பார்க்கும் பொருள் வேண்டும், ஒவ்வொரு பிள்ளையின் நோட்டையும் பார்க்க நேரம் வேண்டும். மூன்றும் இல்லாதபோது விதி மட்டும் மிஞ்சுகிறது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தக் கூடாது என்பதைக் குற்றம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். நிறுத்தி வைப்பதால் எந்தப் பிள்ளைக்கும் பின்னம் வந்ததாக நான் கண்டதில்லை, பள்ளியை விட்டுப் போனதைத்தான் கண்டிருக்கிறேன். ஏற்றிவிடுவது சரி. ஏற்றிவிடும்போது விட்டதைக் கற்றுக்கொடுக்காமல் ஏற்றுவதுதான் தவறு.

இதன்மேல் பெருந்தொற்று வந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020–21இல் ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளை 2025–26இல் பத்தாம் வகுப்பு. பின்னம் ஊன்ற வேண்டிய வயதில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த தலைமுறை அது. 2023 ஏசர் ஆய்வில், இந்தியாவின் 28 மாவட்டங்களில் பார்த்த 14 முதல் 18 வயது வரையிலான ஊரகப் பிள்ளைகளில், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தவர்கள் 43 விழுக்காடுதான்.

இலங்கையில் இழுபறி வேறு மாதிரி. அங்கே ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை. பத்து வயதில் பிள்ளை ரியூசனுக்கு அலைகிறது. வினாவைக் கண்டதும் விடையைத் தட்டும் வேகம்தான் அங்கே பழக்கப்படுகிறது, ஏன் என்று கேட்கும் பழக்கம் இல்லை. வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்த பிள்ளைகள் நகரத்துப் பெரிய பாடசாலைகளுக்குப் போய்விடுகிறார்கள். வராத பிள்ளை ஆறாம் தரத்துக்குள் நுழையும்போதே தோற்றவளாக நுழைகிறாள். அவள் படிக்கும் கிராமத்துப் பாடசாலையில் கணித ஆசிரியர் நிலைப்பதில்லை. வன்னிக்கும் மலையகத்துக்கும் நியமனம் பெற்று வருகிறவர்கள் ஆண்டு நிறைந்ததும் சொந்த ஊருக்கு இடமாற்றம் கேட்கிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, பேருந்து வராத ஊரில் குடும்பத்தை வைத்துக்கொண்டு எப்படி இருப்பார்கள்? மலையகத் தோட்டப் பாடசாலைகளின் வெற்றிடத்தை நிரப்பப் பத்தாண்டுக்கு முன் 'ஆசிரிய உதவியாளர்' என்ற பெயரில் இளைஞர்களை எடுத்தார்கள். தொடக்கத்தில் அவர்களுக்கு மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். கணிதத்தில் திறமையுள்ள ஒருவர் அந்தத் தொகைக்கு எத்தனை நாள் தங்குவார்? போரில் இடம்பெயர்ந்த ஆண்டுகள் ஒரு தலைமுறையைத் தின்றன. 2022 நெருக்கடியில் எரிபொருள் இல்லாமல் பள்ளிகள் மூடியதும், தாள் இல்லாமல் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போனதும் அடுத்த தலைமுறையைத் தொட்டன.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இங்கே தமிழ்நாடு தனக்குத்தானே ஒரு கூடுதல் சுமையை ஏற்றிக்கொண்டது. 2012–13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவின. வீட்டில் தமிழ், ஆசிரியர் விளக்குவது தமிழில், புத்தகமும் வினாத்தாளும் மட்டும் ஆங்கிலத்தில். இரண்டு மதிப்பெண் வாக்கியக் கணக்கைக் கையில் கொடுத்தால் பிள்ளை எண்களை மட்டும் பொறுக்கி எடுத்து, கூட்டிப் பார்க்கும், பெருக்கிப் பார்க்கும். நடுவே இருக்கும் சொற்களைப் படிப்பதே இல்லை, படித்தாலும் பயனில்லை என்று அதற்குத் தெரியும். இலங்கையில் 2000களின் தொடக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் கணிதம் படிக்கும் வாய்ப்பு சில பாடசாலைகளில் உண்டு என்றாலும், தமிழ்ப் பிள்ளைகள் மிகப் பெரும்பாலும் தமிழிலேயே படிக்கிறார்கள். அங்குள்ள கலைச்சொற்கள் கடினமாக நமக்குப் பட்டாலும், வினா வாக்கியம் பிள்ளைக்குப் புரிகிறது. 'புரிந்தும் செய்ய முடியாத' பிள்ளைக்கு உதவுவது, 'என்ன கேட்கிறார்கள் என்றே தெரியாத' பிள்ளைக்கு உதவுவதைவிட எளிது.

இனி, விளைவு. தேர்வுக்குப் பிறகு இந்தப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்பதில்தான் இரண்டு அமைப்புகளின் உண்மையான முகம் தெரிகிறது.

இலங்கையில், நம் மேல்நிலைக்கு இணையான உயர்தரத்துக்குப் போகப் பொதுவாக ஆறு பாடங்களில் சித்தி வேண்டும், அவற்றில் தாய்மொழியும் கணிதமும் இருக்க வேண்டும், மூன்று பாடங்களில் 'சி' அல்லது அதற்கு மேல் வேண்டும். தமிழில் 'ஏ', வரலாற்றில் 'ஏ', சங்கீதத்தில் 'ஏ' எடுத்த பிள்ளையும் கணிதத்தில் 'டபிள்யூ' என்றால் வாசலில் நிற்க நேரலாம். 2017இல் தொடங்கிய 13 ஆண்டு உறுதிசெய்யப்பட்ட கல்வித் திட்டத்தில் தொழிற்பிரிவு ஒன்று திறந்திருக்கிறது. அது எல்லாப் பாடசாலையிலும் இல்லை. மீண்டும் தோற்ற வேண்டுமென்றால் அடுத்த ஆண்டுப் பரீட்சை வரை காத்திருக்க வேண்டும். 16 வயதுப் பெண்ணுக்கு அந்த ஓராண்டு மிக நீளமானது. வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கவும், தையல் தொழிற்சாலைக்குப் போகவும் அது போதும்.

தமிழ்நாட்டில் தவறியவர்களுக்கு அடுத்த சில வாரங்களில் துணைத்தேர்வு உண்டு. மிக நல்ல ஏற்பாடு, ஆண்டு வீணாவதில்லை. ஆனால் கரையேற்றப்பட்ட மற்றவர்கள்? பதினோராம் வகுப்பில் கணிதப் பிரிவு எடுத்தவர்களும், பாலிடெக்னிக்கில் சேர்ந்தவர்களும் முதல் பருவத்திலேயே முழிக்கிறார்கள். 35க்கும் 50க்கும் நடுவில் நான் அனுப்பிவைத்த பையன்களில் பலர் பாலிடெக்னிக் முதலாண்டுக் கணிதத்தில் அரியர் வைத்தார்கள், சிலர் இரண்டாம் ஆண்டோடு நின்றுபோனார்கள். அங்கே தோற்றவர்கள் எந்தப் பட்டியலிலும் கணிதத்தில் தோற்றவர்களாக எண்ணப்படுவதில்லை. இலங்கை நோயைத் தாமதமாகச் சொல்கிறது, சொன்னதும் கதவைச் சாத்துகிறது. தமிழ்நாடு கதவைத் திறந்து வைத்திருக்கிறது, ஆனால் நோயைச் சொல்வதே இல்லை. எது தேவலாம் என்று என்னைக் கேட்டால், திறந்த கதவுதான் தேவலாம் என்பேன், பிள்ளையின் பக்கம் நின்று யோசிப்பவனுக்கு வேறு பதில் இருக்க முடியாது. ஆனால் அந்தத் திறந்த கதவின் மேல் 96 விழுக்காடு என்று எழுதி வைத்துக் கொண்டாடுவதை நிறுத்த வேண்டும்.

எட்டு வயதுக்குள் எண்ணறிவும் எழுத்தறிவும் என்று 2022இல் தமிழ்நாட்டில் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கியது. ஆறு முதல் ஒன்பது வரை பின்தங்கிய பிள்ளைகளுக்கு 2025இல் 'திறன்' வந்திருக்கிறது. நோயின் இடத்தில் கை வைத்த முயற்சிகள் இவை. இவற்றைப் பதிவேற்றும் வேலையாகச் சுருக்கிவிடாமல், ஆசிரியருக்கு நேரத்தைக் கொடுத்து நடத்தினால் பயன் உண்டு. இலங்கையில் கணிதத்துக்கு மட்டுமாவது நம்மைப்போல் சில வாரங்களில் இரண்டாம் வாய்ப்பு ஒன்று தர வேண்டும். நாம் அவர்களிடமிருந்து வட்டியையும் வரியையும் பத்தாம் வகுப்புக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வரைபட வினாவில், வரைந்ததைப் படிக்கச் சொல்லும் இரண்டு வரிகளைச் சேர்க்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு முதல் தடவை 'டபிள்யூ' வந்தது. அதன்பின் எட்டு மாதம், ஞாயிறுதோறும் இரவு ஏழு மணிக்குக் கைப்பேசியில் உட்கார்ந்தோம். பத்தாம் வகுப்புப் பாடத்தை நான் தொடவே இல்லை. முதல் ஆறு வாரம் பின்னம் மட்டும். பிறகு எண்கோடு. பிறகு தராசு. மற்றதை மன்னார் ஆசிரியரும் அவளும் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் தடவை 'சி' வந்தது. இப்போது உயர்தரத்தில் கலைப்பிரிவில் படிக்கிறாள்.

இரு கரையிலும் இதைப் படிக்கும் கணித ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்பின் முதல் நாள், முதல் இயலைத் திறக்கும் முன், ஒரு துண்டுத் தாளில் ஐந்து கணக்கு கொடுங்கள்: 1/2 + 1/3, −3 − 5, 504 ÷ 7, 200 ரூபாயில் 15 விழுக்காடு, 3x + 5 = 20. பத்து நிமிடம் போதும். வாங்கி, மதிப்பெண் போடாமல், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்.